மருங்கை நாட்டின் அங்குலம்

மருங்கை நாட்டில் மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆண்டுக்கொரு காட்டெருமையை வேட்டையாடி அதன் கொம்பை அரசவைச் சுவரில் மாட்டவேண்டும். சுவரில் ஏற்கெனவே இருப்பதைவிட அது நீளமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நாடு பின்தங்கிவிட்டதாகப் பொருள்.

உதியமாறன் மன்னரானபோது சுவரில் நாற்பது அங்குலக் கொம்பு இருந்தது. அவருக்குத் தடம் காட்டச் சடைச்சி என்ற பெண்ணை அழைத்துவந்தார்கள். காட்டோரத்தில் தினை விதைத்துப் பிழைப்பவள். எருமைகள் அவளுடைய தினையைத் தின்று வளர்ந்தவை. அதனால் ஒவ்வொன்றின் முகமும் அவளுக்குத் தெரியும்.

"நாப்பது அங்குலத்துக்கு இந்தக் காட்டுல ஒண்ணும் இல்லீங்க," என்றாள். "பெரிசு ஒண்ணு இருக்கு. முப்பது தேறும்."

முதல் நாள் மன்னர் பாறைமேல் படுத்தபடி எருமைக் கூட்டத்தைப் பார்த்தார். ஒரு கன்று சேற்றில் வழுக்கி விழுந்தது. எழுந்தது. பிறகு வேண்டுமென்றே மறுபடி விழுந்தது. மன்னர் வயிறு வலிக்கச் சிரித்தார். துப்பாக்கியைத் தொடவே இல்லை.

அரண்மனை வாசலில் பேரமைச்சர் நெடுங்கண்ணனார் காத்திருந்தார்.

"எத்தனை அங்குலம், மன்னா?"

"சுடவில்லை. ஆனால் இவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்ததே இல்லை."

"எவ்வளவு?"

மன்னர் இரு கைகளையும் அகல விரித்துப் பார்த்தார்; போதவில்லை.

"அளக்கமுடியாத மகிழ்ச்சியை அரசிதழில் வெளியிட விதியில் இடமில்லை," என்றார் அமைச்சர் வருத்தத்துடன்.

மறுநாள் மன்னர் அந்தப் பெரிய எருமையைச் சுட்டார். கொம்பு சரியாக முப்பது அங்குலம். அமைச்சரவை மூன்று நாள் கூடி ஆராய்ந்தது. குறை கொம்பில் இல்லை, அங்குலத்தில்தான் என்று கண்டது. பழைய ஆட்சியின் அங்குலம் தேவைக்குமேல் நீளமாக இருந்ததாம். அதைப் பாதியாக்கி ஆணை வந்தது. கொம்பு அறுபது அங்குலமாயிற்று. வெற்றிவிழாவில் குடிமக்கள் ஓர் அங்குலம் வாய்திறந்து சிரிக்கவேண்டும் என்றார்கள். புது அங்குலம் என்பதால் முன்பற்கள் மட்டுமே தெரிந்தன.

பிறகு நில அளவையர் வந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு நான்கு பக்கமும் முந்நூறு அடி நிலம்தான் என்பது சட்டம். அங்குலத்தோடு அடியும் சுருங்கியதால், சடைச்சியின் நிலம் இருந்த இடத்திலேயே அறுநூறு அடியாகியிருந்தது. கூடுதலை எருமைகளுக்கு ஒதுக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆறடிக் கதவு புதிதாக வைத்தார்கள். ஆசிரியர் தவழ்ந்து உள்ளே போனார்.

சடைச்சி மன்னரைப் போய்ப் பார்த்தாள்.

"நெலம் போயிருச்சுங்க. பழைய அங்குலத்தையே வெச்சுக்கலாமே. அன்னிக்குப் பாறைமேல அப்படிச் சிரிச்சீங்க. அப்ப கையில கொம்பு ஒண்ணும் இல்லியே."

மன்னர் அமைச்சரிடம், "நாளை அந்தப் பாறைக்கு ஒருமுறை போய்வரலாமா?" என்று கேட்டார்.

"தாராளமாக. நோக்கம் என்று கோப்பில் என்ன எழுதட்டும்?"

மன்னர் போகவில்லை. அடுத்த ஆண்டு வேட்டைக்கும் போகவில்லை. அங்குலத்தை மீண்டும் பாதியாக்கியதில் அதே கொம்பு நூற்றிருபது ஆனது. நான்காம் ஆண்டு நானூற்றெண்பது. சடைச்சிக்கு மிஞ்சியது ஒரு மாட்டுக்கொட்டகை அளவு நிலம்.

ஐந்தாம் ஆண்டு தேர்தல் வந்தது. மன்னரை எதிர்த்துச் சடைச்சியே நின்றாள். பழைய அங்குலம் திரும்பிவரும் என்பது மட்டுமே அவள் வாக்குறுதி. மக்கள் விடியும் முன்பே வரிசையில் நின்றார்கள்.

வாக்களித்தவர் விரலில் ஓர் அங்குல நீளத்துக்கு மை வைக்கவேண்டும் என்பது விதி. அதிகாரிகள் ஊசிமுனையால் மை வைத்தார்கள். வைத்தவருக்கே அது தெரியவில்லை. சடைச்சியின் ஆட்கள் ஒருமுறை வாக்குப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். அரண்மனைக் காவலர்களுக்கு அன்று வேறு வேலை இல்லை.

மன்னர் வென்றார்.

"ஊர்ல இருக்குற ஆளைவிட ஓட்டு மூணு மடங்கு இருக்குதே," என்றாள் சடைச்சி.

"அதைத்தான் வளர்ச்சி என்கிறோம், அம்மா," என்ற அமைச்சர் மன்னர் பக்கம் திரும்பி வணங்கினார். "மன்னருக்கு மகிழ்ச்சிதானே?"



"மகிழ்ச்சியில் முந்தைய சாதனை எவ்வளவு?" என்று கேட்டார் மன்னர்.