அம்மா பட்டினி கிடப்பது பற்றிச் சித்திக்கு

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் சித்தப்பாவும் குட்டிப் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை என்று எங்கள் தமிழாசிரியை சொல்லித் தந்திருக்கிறார். ஆனால் ஐந்து நாட்களாக ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருப்பவர்கள் அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆகையால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்த காரியத்தில் நான் தோற்றுவிட்டேன்.

ரயில் கிளம்புவதற்கு முன் நீங்கள் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "உங்கம்மா கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷமா அடுத்தவங்க சமைச்சு ஒரு வேளை நிம்மதியா உக்காந்து சாப்பிட்டதில்லடி. இந்தப் பத்து நாளும் அவ அடுப்புப் பக்கமே போகக் கூடாது. தீவுல பிள்ளைங்களோட போய்ச் சாப்பிடுற மாதிரி நல்ல இடமாப் பார்த்து எல்லாரையும் கூட்டிட்டுப் போறது உன் பொறுப்பு." நான் சரி என்று தலையாட்டினேன். அப்போது எனக்கு அப்பாவின் உத்தியோகம் மறந்துபோய்விட்டது. உணவகங்களைச் சோதனை போடும் சுகாதார ஆய்வாளர் ஒருவர் விடுமுறை எடுத்தால் அவருடைய கண்களும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் என்று எப்படித்தான் நினைத்தேனோ தெரியவில்லை.

நான் முன்னேற்பாடு இல்லாமல் வரவில்லை சித்தி. பள்ளி நூலகத்தில் இந்தத் தீவைப் பற்றிய வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. அதிலிருந்த ஏழு உணவகங்களையும் குறிப்பேட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். ஊஞ்சல் உண்டா, குழந்தைகளுக்கு உயர நாற்காலி உண்டா, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா, வெள்ளை நிறத்தில் சாப்பாடு கிடைக்குமா என்று நான்கு கேள்விகள். கடைசிக் கேள்வி தம்பிக்காக. அவன் ஆறு வயதாகியும் வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் சாப்பிடுகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்று போட்டிருந்த ஓர் உணவகத்தை மட்டும் சிவப்பு மையால் இரண்டு முறை அடித்துவிட்டேன். மீதி ஆறு. பத்து நாளைக்கு ஆறு போதும் என்று கணக்கிட்டேன்.

முதல் நாள் மதியம் மணலில் மேசை போட்டு ஊஞ்சல் கட்டியிருந்த இடத்துக்குப் போனோம். தம்பி நேராக ஊஞ்சலுக்கு ஓடினான். அம்மா நாற்காலியில் சாய்ந்து, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சித்தி, காய்ச்சல் விட்டவர் முகம்போல இருந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார். அப்பா சிரிக்காமல், "கிச்சன் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "கை கழுவ அந்தப் பக்கம் சார்" என்றார் முதலாளி. "நான் கிச்சனைக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ஏழு நிமிடம் கழித்து வெளியே வந்தபோது அம்மா முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார்.

"எழுந்திரிங்க."

"ஏங்க, நல்லாத்தான இருக்கு?"

"மீன் வெட்டுற பலகையிலயே வெங்காயத்தையும் வெட்டுறான். எழுந்திரு."

அம்மா கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். தம்பியை ஊஞ்சலிலிருந்து பிரித்தெடுக்க இன்னும் இருபது நிமிடம் ஆனது. அன்று இரவு நாங்கள் சாப்பிட்டது பிஸ்கட்.

இரண்டாம் நாள் போன இடத்தில் உயர நாற்காலியும் வண்ணப் பென்சிலும் இருந்தன. அப்பா உள்ளே போய்வந்து, வேண்டா வெறுப்பாக, "பரவாயில்ல" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் தம்பிக்கு வந்த வெள்ளைச் சோற்றின் உச்சியில் அழகுக்காக ஒரு பச்சை இலையை வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்துப் போட்டுவிட்டேன். "பச்சை பட்டுடுச்சு" என்று அவன் தட்டைத் தள்ளினான். அந்தத் தட்டு அப்பாவுக்கு வந்த முழு மீன்மேல் இடித்தது, மீன் திரும்பித் தம்பியைப் பார்த்தது, தம்பி மேசைக்கடியில் போய்விட்டான். அவனை இழுக்கக் குனிந்த அப்பா மேசையின் அடிப்பலகையைப் பார்த்துவிட்டார். அங்கே பல வருடங்களாக ஒட்டப்பட்ட சூயிங்கம்கள் இருந்தனவாம். அப்பா அவற்றை எண்ணத் தொடங்கியதும் நாங்கள் எழுந்துகொண்டோம்.

அன்று முதல்தான் சித்தி, அம்மாவுக்குப் பசியே இல்லாமல் போய்விட்டது. ரொட்டியை நீட்டினால், "எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க" என்கிறார். பன்னிரண்டரை மணி ஆனதும் குடையை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்" என்று தனியாகக் கிளம்பிவிடுகிறார். திரும்பி வர இரண்டரை ஆகிறது. வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்து நாலு மணிவரை தூங்குகிறார். கடற்கரையில் யாரும் பார்க்காமல் அழுதுவிட்டு வந்து களைத்துப் படுக்கிறார் என்று நினைக்கிறேன். எங்களுக்கு இருக்கும் கொஞ்சம் ரொட்டியில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தால் எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்குவதில்லை, ஆனாலும் விழுங்குகிறேன். நேற்று அம்மா ரவிக்கை இறுகுவதாகச் சொன்னார். நெடுநாள் பட்டினியால் உடல் வீங்கும் என்று எங்கள் அறிவியல் புத்தகத்தில் படமே போட்டிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "கடல் காத்துக்கு எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்.

மூன்றாம் நாள் நடந்தது முழுக்க என் குற்றம். கண்ணாடித் தொட்டிகளில் வண்ண மீன் விட்டிருக்கும் குடும்ப உணவகம் என்று வழிகாட்டிப் புத்தகம் புகழ்ந்திருந்தது. அம்மா "நீங்க போங்க" என்று குடையோடு கிளம்பிவிட்டதால் நாங்கள் மூவரும் வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்தோம். பாதி வழிக்குமேல் தம்பி அப்பாவின் தோளில் வந்தான். போய்ப் பார்த்தால் அது படகு இயந்திரம் பழுது பார்க்கும் பட்டறை. புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன், நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் அச்சிட்டது. மெக்கானிக் நல்ல மனிதர். "ஓட்டலா? அது மூடி எத்தனையோ வருஷமாச்சே பாப்பா" என்று சொல்லி, கரி படிந்த கையால் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார். அப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பழத்தைப் பார்த்தார். தோல் இருக்கிறது என்பதால் அனுமதித்தார். சித்தி, இந்தத் தீவில் நாங்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான், உட்கார்ந்தது டயர்மேல்.

அதே நாள் சாயங்காலம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு போடும் இடம். உள்ளே போனதுமே அப்பா, "இவ்ளோ இருட்டு எதுக்கு? எதையோ மறைக்கத்தான்" என்று கைபேசி விளக்கைப் போட்டு எங்கள் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதோடு நின்றிருக்கலாம். விளக்கு பக்கத்து மேசைக்கும் போனது. அங்கே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி.

"தம்பி, அந்த நண்டைச் சாப்பிடாதீங்க."

"ஏன் சார்?"

"சொல்றேன்ல. நேத்துகூடப் பிடிச்சதில்ல அது."

அந்த அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். மேலாளர் வந்தார். எங்களை வெளியே கொண்டுவந்து விட்டபோதுகூட அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது மரியாதையாகத்தான் இருந்தது.

நான்காம் நாளைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. இது சின்னத் தீவு, கடைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். நாங்கள் தெருமுனையில் திரும்பியதுமே ஐந்தாவது உணவகத்தின் முதலாளி வாசலுக்கு வந்து, 'இன்று விடுமுறை' என்ற பலகையை மாட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் சன்னல் வழியாக எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"லீவுங்கிறீங்க, உள்ள சாப்பிட்டுட்டு இருக்காங்களே?" என்றார் அப்பா.

"அவங்கெல்லாம் நம்ம சொந்தக்காரங்க சார். வீட்டு விசேஷம்."

"இருபது பேரா?"

"பெரிய குடும்பம் சார்."

ஆறாவது உணவகத்தில் பலகைகூட மாட்டவில்லை, விளக்கையே அணைத்துவிட்டார்கள். நாங்கள் தங்கியிருக்கும் விடுதிக்கார அம்மாதான் எனக்கு விவரம் சொன்னார். அப்பா மாறுவேடத்தில் வந்திருக்கும் பெரிய அதிகாரி என்று ஊர் முழுக்கப் பேச்சாம். "யாருக்கும் சந்தேகம் வராம இருக்க, பொண்டாட்டி புள்ளைங்களை வாடகைக்குக் கூட்டிட்டு வந்திருக்காருன்னு சொல்றாங்க. உன்னை எங்கருந்து கூட்டியாந்தாங்க?" என்று கேட்டார். நான் பள்ளி அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இன்று ஐந்தாம் நாள். காலையில் அப்பா மளிகைக் கடைக்குப் போய் இரண்டு கிலோ அரிசி வாங்கி வந்தார். எங்கள் அறையின் மூலையில் ஒரு சின்ன அடுப்பு இருக்கிறது. வந்த நாளிலிருந்து அம்மா அந்த மூலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அப்பா அரிசிப் பையை அந்த அடுப்பின்மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"வேற வழி தெரியலம்மா. ராத்திரிக்கு ஒரு சோறு மட்டும் வெச்சிடேன். பிள்ளைங்க பாவம்."

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணி பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அப்பா தூங்குகிறார். தம்பி குளியல் தொட்டியில் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். அம்மா திரும்பி வந்து அந்த அடுப்பைப் பற்றவைத்தால் எல்லாம் முடிந்தது சித்தி. பதினைந்து வருடத்தில் கிடைத்த பத்து நாள், அதிலும் பாதி போய்விட்டது. மிச்சத்தையும் அடுப்பு முன்னால் நின்றுதான் கழிக்கப் போகிறார், அதற்குக் காரணம் என் குறிப்பேடு. நீங்கள் இனி என்னை நம்பி ஒரு குடத்தைக்கூடத் தூக்கச் சொல்ல மாட்டீர்கள்.

இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு நாளாகுமாம். கிடைத்த உடனே விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அலுவலகத்தில் அவசரமாகத் தேடுகிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லி எங்களைத் திரும்ப வரவழையுங்கள். வந்ததும் அம்மாவை உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். உடம்பு வீங்கியிருப்பதால் முதலில் கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்று அதே அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். குட்டிப் பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். அவளாவது எல்லா நிறத்திலும் சாப்பிட்டு வளர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் நம்பிக்கைக்குத் தகுதியற்ற,
அக்கா மகள்

பின்குறிப்பு: சித்தி, மேலே கேட்டதில் எதையும் செய்ய வேண்டாம். தொலைபேசியில் கூப்பிடவே வேண்டாம்.

கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு தபால் பெட்டியைத் தேடிப் போனேன். அது துறைமுகத் தெருவின் கோடியில், நான் சிவப்பு மையால் அடித்த ஏழாவது உணவகத்தின் வாசலில் இருக்கிறது. சன்னலோரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். எதிரில் நான்கு கிண்ணங்கள், ஒரு பழைய வாரப் பத்திரிகை. ஒரு பெரிய மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு நிதானமாக அம்மா எதையும் செய்து நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் திடுக்கிடவில்லை. உள்ளே வரும்படி விரலை அசைத்தார்.

"வயசு கேட்டா பதிமூணுன்னு சொல்லு. உள்ள விடுவாங்க."

"நீங்க கடற்கரையில அழுதுட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நானா? எதுக்கு?"

"அடுப்பைத் தொடக் கூடாதுன்னு சித்தி..."

"தொடலையே. சமைக்க மாட்டேன்னுதான் அவகிட்ட சொன்னேன். உங்ககூட உக்காந்து சாப்பிடுறேன்னு சொல்லலையே."

"சித்திக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன். நீங்க பட்டினின்னு."

அம்மா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். "அவளுக்கா? யோசனையே அவளோடதுதான்டி. 'மாமா கிச்சன் கிச்சனாப் போவாரு, நீ கூடவே அலையாத, தனியா ஒரு இடம் பாத்துக்க. பெரியவ லிஸ்ட் போட்டு அவங்களைச் சுத்த வெச்சுக்குவா'ன்னு சொன்னா."

இதை நீங்கள் என்னிடமே சொல்லியிருக்கலாம் சித்தி. இன்னும் சிறப்பாகச் சுற்றவைத்திருப்பேன்.

"அரிசியை என்ன பண்றதும்மா?"

"வாங்கினவர் வைக்கட்டும். எத்தனை டிகிரியில வேகணும்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

அதற்குள் கடைக்காரம்மா எனக்கும் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க பொண்ணா? சாடை அப்படியே இருக்கே" என்றார். ஆமாம் என்றால் அதிகாரியின் குடும்பம் என்று இங்கேயும் பலகையை மாட்டிவிடுவார்கள். அம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பக்கத்து ரூம் பொண்ணு. பாவம், அவங்க வீட்டுல ஒழுங்கா சோறே போடுறதில்ல."

கடைக்காரம்மா என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு இரண்டு மடங்கு சோறு போட்டார். நான் மறுத்துப் பேசவில்லை சித்தி. அம்மா சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் பொய்.