வெள்ளைத் துவாயும் கிழட்டுக் கிடாவும்

கார் ஓட்டும் உரிமம் கிடைப்பதற்கு முன்பே எனக்கு வேட்டை உரிமம் கிடைத்துவிட்டது. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. ஒரு மே மாதக் காலையில் அது முடிந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா மூன்று. (மிச்சத்தைப் போர் படிப்பித்தது.) அதனால் பரீட்சை என்று எதைக் கண்டாலும் விடமாட்டேன். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசை முழுக்க வேட்டைப் பேச்சு. எனக்குத் தெரியாத விடயத்தை மற்றவர்கள் பேசுவதா? படித்தேன், எழுதினேன், சுட்டுக் காட்டினேன், தேறினேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஹென்ரிக் தலைமையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். என்னை ஒரு வருடச் சோதனைக்குச் சேர்த்தார்கள். டென்மார்க்கில் கிடாமான் வேட்டை தொடங்கும் முதல் காலை கிட்டத்தட்ட நல்லூர்த் தேர்த் திருவிழா. துப்பாக்கி உள்ளவர் எல்லோரும் காட்டுக்குள் நிற்பார்கள். எங்கள் காட்டைச் சுற்றியுள்ள காடுகளிலும் அதே கூட்டம். எல்லோரும் தேடுவது ஒரே ஒரு கிழட்டுக் கிடாவை. தடித்த கழுத்து, நரைத்த முகம். பல வருடமாக ஒருவர் கண்ணிலும் படாதது.

“முதிர்ந்த கிடா ஆள் நடமாட்டமில்லாத நடுக்காட்டில்தான் ஒதுங்கும்” என்று ஹென்ரிக்குக்கே வகுப்பெடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, நடுக்காட்டில் மரத்தோடு சாய்த்திருந்த ஏணி இருக்கையை எனக்கே தந்தார். தனக்கு எதிர்ப்பக்க இருக்கை. “ஒரே ஒரு விதி. முதல் காலையில் சத்தம் கூடாது” என்றார்.

கார் ஓட்டி வந்தவர் அப்பா.

“அப்பா, காருக்குள்ளயே இருங்கோ. என்ன சத்தம் கேட்டாலும் இறங்கக்கூடாது.”

“ஓமோம். நான் ஏன் இறங்கிறன்? எனக்கென்ன விசரே?”

தொலைபேசியை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினேன். வெளிச்சம் வந்ததும் முதல் வெடி கேட்டது. பிறகு இடப்பக்கம் இரண்டு, பின்னால் ஒன்று, தூரத்தில் தொடர்ச்சியாக. பரீட்சையில் நானே சுட்ட வெடி தெரியும், நாலு பக்கமும் மற்றவர்கள் சுடும் வெடி தெரியாது. எந்தத் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ? இருக்கைக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். (வேட்டைக்காரி!)

அப்போதுதான் பற்றைக்குள் ஏதோ அசைந்தது. பழுப்பு முதுகு. தாழ்ந்து, மெதுவாக, நின்று நின்று வந்தது. அதன் பின்பக்கத்தில் வெள்ளைத் திட்டு. புத்தகத்தில் உள்ளபடியே மான். கிழட்டுக் கிடா என்னைத் தேடி வருகிறது! என் கை துப்பாக்கிக்குப் போய்விட்டது. (இதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.) முதலில் தொலைநோக்கியால் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவர் நூறு வயது வாழட்டும்.

தொலைநோக்கிக்குள் கிடா நின்றது. விழுந்த கண்ணாடியைத் தடவி எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டது.

அப்பா.

நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தேன். ஹென்ரிக்கின் துப்பாக்கி பற்றையை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. டேனிஷ் மொழியில் என்ன கத்துவது என்று யோசித்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு வந்தது:

“அப்பாஆஆ!”

மான்கள் நாலு திசையிலும் பாய்ந்தன. பறவைகள் எழும்பின. பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூட அன்றைக்கு என்னைச் சபித்திருப்பார்கள். பழுப்பு மேலங்கியோடு அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். இடுப்புப் பட்டியில், பின்பக்கம், கார்க் கண்ணாடி துடைக்கும் வெள்ளைத் துவாய் தொங்கியது.

“ஏனப்பா இறங்கினீங்கள்?”

“இவ்வளவு வெடி கேக்குது, நீ போனையும் நிப்பாட்டி வைச்சிருக்கிறாய். பிள்ளையை விட்டிட்டுக் காருக்குள்ள இருக்கேலுமே?”

“துவாய்?”

“வெள்ளைக் கொடியடி. தவழ ரெண்டு கையும் வேணும், அதுதான் பின்னால செருகினனான். வெள்ளையைக் கண்டா சுடமாட்டாங்கள்.”

“இஞ்ச வெள்ளையைக் கண்டாத்தான் அப்பா சுடுவாங்கள்! மானின்ர பின்பக்கம் அப்பிடித்தான் இருக்கும்!”

அப்பா திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தார். துவாயை மெதுவாக உருவி மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஹென்ரிக் ஏணியால் இறங்கி வந்தார். முகம் சுண்ணாம்பு. துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்தபோது ஒன்று நழுவிப் புல்லில் விழுந்தது. “இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் சுட்டிருப்பேன்” என்றார். என்னைச் சேர்ப்பதா என்ற பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது. “இப்படிக் கத்தத் தெரிந்த ஒருத்தி குழுவுக்கு வேண்டும்” என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் கோப்பி ஊற்றித் தந்தபடி அப்பாவிடம் கேட்டார்: “தவழ்ந்து வரும்போது ஏதாவது மான் கண்டீர்களா?”

“ஒன்றும் இல்லை” என்றார் அப்பா, டேனிஷில்.

வீட்டுக்குத் திரும்பும்போது, பாதி வழியில், திடீரென்று சொன்னார்:

“ஒரு கிழவன் படுத்திருந்தவன். முகமெல்லாம் நரை. நாங்கள் கார் நிப்பாட்டின இடத்துக்குப் பக்கத்தில, அந்தச் சொறிப்பூண்டுப் பற்றைக்குள்ள. எல்லாரும் அவனைத் தாண்டித்தான் உள்ள போனவங்கள். நான் அவனைப் பாத்தன், அவன் என்னைப் பாத்தான். ரெண்டு பேரும் மூச்சு விடேல்லை.”

“அப்பா! அதைத்தானே எல்லாரும் தேடினம்! ஏன் சொல்லேல்லை?”

“ஒளிச்சிருக்கிறவனைக் காட்டிக் குடுக்கிறதே?”

இப்போது எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைத்தால், அம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்பார்: “என்ன, நீயும் ஒரு மானும் காணேல்லையோ?” அப்பாவுக்குக் குழு ஒரு செம்மஞ்சள் மேலங்கி பரிசளித்தது, ஒவ்வொரு மே மாதமும் அதைப் போட்டுக்கொண்டு என்னோடு வருகிறார். போன முறை ஹென்ரிக் கார் நிறுத்துமிடத்துச் சொறிப்பூண்டுப் பற்றைக்கு முதுகைக் காட்டி நின்றபடி, அந்தக் கிழட்டுக் கிடா எங்கே போயிருக்கும் என்று என்னிடம் கேட்டார். அவருக்குப் பின்னால் ஓர் இலை அசைந்தது.

“நடுக்காட்டில்தான்” என்றேன். அப்பா பலமாக இருமினார்.