நாலாவது கதிரை

தண்ணீர்த் திட்டக் கந்தோரில் இருந்து வந்த கடிதத்தின் நாலாவது பந்தி வரும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி மங்கையற்கரசி அந்தப் பந்தியை இன்னொரு தரம் உரத்து வாசித்தாள். குடிதண்ணித் தாங்கி கேட்கும் ஊரில் நாலு சமயத்தவரும் சேர்ந்த ஒரு நல்லிணக்கக் குழு இருக்கவேண்டும். சமயத்துக்கு ஓர் ஆள். வருகிற வியாழக்கிழமை அதிகாரி வருவார். ஒவ்வோர் ஆளும் தன் சமயத்தின் தோற்றத்தையும் நம்பிக்கைகளையும் அவருக்கு விளக்கிச் சொல்லவேண்டும்.

"சைவத்துக்கு நான் இருக்கிறன். கிறிஸ்து வேதத்துக்கு யோசேப்பர். இஸ்லாத்துக்கு மீராசாஹிபு நானா. புத்தசமயத்துக்கு ஆர்?"

சங்கக் கொட்டிலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உயிலங்குளத்துக்கு அங்கால் பற்றைக்காடு வெட்டிக் குடியேறி மூன்று வருஷம். வன்னியில் இருந்து முகாம் வழியாக வந்த சனம், புத்தளத்தில் இருந்து திரும்பிய சனம் என்று அறுபத்து நாலு வீடு. அதில் ஒரு பௌத்த வீடும் இல்லை.

"ஆமிக் காம்பில ஒரு பெடியனைக் கேட்டுப் பாப்பமா?" என்றார் யோசேப்பர்.

"அவனை நாளைக்கே மாத்திப்போடுவாங்கள். பிறகு வேற பௌத்தருக்கு எங்க போறது?" என்றாள் மங்கையற்கரசி.

எல்லாருடைய கண்ணும் கடைசியில் கொட்டில் வாசலில் போய் நின்றது. அங்கே மாரிமுத்து அலவாங்கைத் தோளில் வைத்தபடி நின்றான். பக்கத்து வளவில் மலசலகூடக் குழி வெட்டிக்கொண்டிருந்தவன், ஒரு வாய் தண்ணீர் கேட்க வந்திருந்தான்.

"மாரிமுத்து, நீ மாத்தளைப் பக்கம் பிறந்த ஆள். உனக்குச் சிங்களம் தெரியும்" என்றாள் மங்கையற்கரசி.

"சிங்களம் தெரிஞ்சா பௌத்தனா, அக்கா? அப்பிடிப் பாத்தா வவுனியா பஸ் கண்டக்டருக்கு மூண்டு சமயம்."

"பகிடி விடாத. ஒரு மணித்தியால வேலை. இருந்து, சொல்லி, எழும்பிப் போறது."

"அக்கா, நான் குழி வெட்டுறவன். பொய் சொல்ல ஏலாது. முகத்தில தெரிஞ்சிடும்."

மாரிமுத்து மறுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அங்கே மனைவி காளியம்மா தலைச்சும்மாட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கழுத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். ஊர்க்கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் அரிசி போட்டால் வேகாது, சவர்க்காரம் போட்டால் நுரைக்காது. குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு கட்டை தூரம் நடக்கவேண்டும்.

"தாங்கி வருதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். "வரலேன்னா நா புள்ளையத் தூக்கிக்கிட்டு மாத்தளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்க மலையிலேருந்து பைப்புல தண்ணி தானா வருது."

காளியம்மா கத்தினால் மாரிமுத்து பயப்படுவதில்லை. இன்றைக்குக் கத்தாமல் சொன்னாள். அவளுடைய ஒரே நல்ல சேலை தோய்த்து, மடித்து, பையின் மேல் இருந்தது.

அவன் திரும்பிக் கொட்டிலுக்கே நடந்தான். "எங்க அக்கா படிக்கிறது?"

யோசேப்பர் தன் அலுமாரியில் இருந்து ஒரு மெல்லிய புத்தகம் கொண்டுவந்தார். பெரிய சமயங்கள் எல்லாம் எப்படித் தோன்றின, எதை நம்புகின்றன என்று சமயத்துக்கொரு அத்தியாயமாக இருந்தது. இடம்பெயர்ந்த நாளெல்லாம் அவரோடு அலைந்த புத்தகம். முன்பக்கம் இருந்தும் பின்பக்கம் இருந்தும் கறையான் தின்றுகொண்டே வந்து, நடுவில் களைத்துப்போய் நின்றுவிட்டது. ஒரு மூலை போக முழுசாக மிஞ்சியது பௌத்தம் ஒன்றுதான்.

"மற்ற மூண்டும் போயிட்டுதே" என்றார் மீராசாஹிபு.

"எங்கட சமயத்துக்கு எங்களுக்குப் புத்தகம் என்னத்துக்கு, நானா?" என்றாள் மங்கையற்கரசி.

மாரிமுத்து தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விடத் தெரியாதவன். அலவாங்கைத் தூக்கும்போது "துக்கம்" என்பான், குத்தும்போது "துக்கத்துக்குக் காரணம் ஆசை" என்பான். ஆறடிக் குழி முடிவதற்குள் நாலு வாய்மையும் எட்டு வழியும் அவனுக்குக் கையில் காய்த்த காய்ப்புப் போல இறுகிவிட்டன.

வியாழக்கிழமை காலை ஜீப் வந்தது. அதிகாரி பிரணவன் முப்பது வயதுகூட ஆகாத மெலிந்த பிள்ளை. கையில் நிரப்பவேண்டிய பாரங்கள் அடங்கிய கோப்பு. பின்னால் ஓட்டுநர் இறங்கினான். பெயர் சுனில், சிங்களவன். கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேட்டு, நெற்றியில் வேர்வை. சுனில் நேரே கொட்டில் வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, "உள்ளுக்கு வரவா?" என்று கேட்டான்.

மாரிமுத்து மங்கையற்கரசியைத் திரும்பிப் பார்த்தான். இவன் பிறவியிலேயே பௌத்தன் அல்லவா? ஒரு வரி பிழைத்தாலும் பிடித்துவிடுவான்.

மங்கையற்கரசிக்கும் அதே பயம். "ஐயோ, நீங்கள் களைச்சு வந்தனீங்கள். வெளியில காத்துப் பிடியுங்கோ" என்று சொல்லி, வேப்பமரத்தடியில் ஒரு வாளியைக் கவிழ்த்து அவனை இருத்தினாள். "காளியம்மா, தம்பிக்குத் தேத்தண்ணி!" என்று, வெளியில் குடத்தோடு நின்றவளுக்குக் குரல் கொடுத்தாள்.

உள்ளே அதிகாரிக்கு ஒரு மேசை. எதிரே நாலு பிளாஸ்ரிக் கதிரை. நாலாவதில் மாரிமுத்து முதுகு நிமிர்ந்து இருந்தான். பிரணவன் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்து நாலாவதில் நின்றான்.

"பௌத்தரும் இருக்கிறாரா? இந்த ஊரிலயா?"

"இருக்கிறார், சேர்."

"இல்லாட்டியும் பரவாயில்லை, அதுக்கு நாங்கள் ஒரு வழி..."

"இருக்கிறார் எண்டு சொல்லுறன், தம்பி!" என்ற மங்கையற்கரசி நாக்கைக் கடித்தாள். "சேர்."

பிரணவன் வெளியே வாளியில் இருந்த சுனிலைப் பார்த்தான். பிறகு மாரிமுத்துவைப் பார்த்தான். "அப்ப சரி. சமயத்துக்கு இருபத்தஞ்சு மார்க். பத்துக்குக் குறைஞ்சால் அந்த ஆளை எடுக்க ஏலாது. அம்மா, நீங்கள் தொடங்குங்கோ. உங்கட சமயத்தை ஆர் தொடக்கினது?"

"ஒருத்தரும் தொடக்கேல்லை. அது கிடந்தது."

"எப்ப இருந்து?"

"முந்தியிலயிருந்து."

"முந்தி எண்டால் எப்ப, அம்மா?"

மங்கையற்கரசி யோசித்தாள். "நான் கலியாணம் முடிச்சு வரேக்கையே கிடந்தது."

பிரணவன் பாரத்தில் ஏதோ எழுதினான். அடுத்தது யோசேப்பர். பெத்லகேம், மாட்டுத் தொழுவம், சிலுவை, மூன்றாம் நாள் உயிர்ப்பு என்று தடதடவென்று சொன்னார். ஆனால் பாரத்தில் ஆண்டுக்கென்று ஒரு கட்டம் இருந்தது.

"அவர் பிறந்ததில இருந்துதானே, சேர், ஆண்டே எண்ணத் தொடங்கினது? பிறக்கேக்க அது எத்தினையாம் ஆண்டெண்டு ஆருக்குத் தெரியும்?"

"திருச்சபை எப்பிடிப் பரவினது?"

"எங்கட ஊருக்கு வள்ளத்தில வந்தது."

வாசலில் நிழல் விழுந்தது. சுனில் வெறும் கோப்பையோடு நின்றான். "இப்ப வரவா?"

"இன்னும் ஒரு தேத்தண்ணி குடியுங்கோ!" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். வெளியே காளியம்மா குடத்தைச் சரித்துப் பார்த்துவிட்டு, புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு கட்டை நடந்து கொண்டுவந்த தண்ணீர் அது.

மீராசாஹிபு மக்காவில் தொடங்கி நன்றாகத்தான் வந்தார். கடமை ஐந்து என்று விரலை விரித்தார். கலிமா, தொழுகை, நோன்பு, ஹஜ். நாலு விரல் மடங்கிவிட்டது. வெற்றிலை இடிக்கிறவர் மாதிரி பெருவிரலை ஆட்டிக்கொண்டே இருந்தார். அதிகாரி முன் இருந்த பதற்றத்தில் நாக்கு நுனியில் நின்றது வெளியே வரவில்லை.

"ஏழைக்குக் குடுக்கிறது, நானா!" என்றாள் மங்கையற்கரசி. "போன நோன்புக்கு எனக்கு அரிசி தந்தியளே!"

"ஓம், ஸக்காத்து!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் மீராசாஹிபு.

"மற்ற ஆள் சொல்லிக் குடுத்தால் ரெண்டு மார்க் குறையும்" என்றான் பிரணவன்.

பிறகு மாரிமுத்துவின் முறை. அவன் எழுந்து நின்றான். கையில் அலவாங்கு இல்லாததால் முதல் வரி வர மறுத்தது. இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து, இல்லாத அலவாங்கைத் தூக்கினான். அவ்வளவுதான், புத்தகம் முழுக்கத் திறந்துகொண்டது. லும்பினி, சுத்தோதனர், மகாமாயா. இருபத்தொன்பது வயதில் துறவு, முப்பத்தைந்தில் அரச மரத்தடியில் ஞானம். நாலு வாய்மை, எட்டு வழி. எண்பது வயதில் குசிநகரில் மறைவு. மகிந்தர் மிகிந்தலையில் இறங்கியதோடு குத்தி நிறுத்தினான்.

மீராசாஹிபு வாயைத் திறந்தபடி இருந்தார். யோசேப்பர் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

"இருபத்து நாலு" என்றான் பிரணவன்.

"ஒண்டு எங்க சேர் குறைஞ்சது?" மாரிமுத்துவுக்கே தெரியாமல் வாய் கேட்டுவிட்டது.

"தியானம் எப்பிடிச் செய்யிறது எண்டு நீங்கள் சொல்லேல்லை."

அந்தப் பக்கத்து மூலையைக் கறையான் தின்றுவிட்டது என்று சொல்ல வந்தவன், வாயை மூடிக்கொண்டான்.

பிரணவன் பேனையைக் கீழே வைத்தான். முகம் நன்றாக இல்லை. "அம்மா, ஒளிக்காமல் சொல்லுறன். இதுக்கு முதல் ஏழு ஊர் பாத்தனான். அங்க ஒருத்தருக்கும் ஆண்டும் தெரியாது, அடியும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே அளவுக்குத் தெரியாததால எல்லாருக்கும் பத்துப் பத்துப் போட்டுட்டு வந்தன். இஞ்ச ஒருத்தர் இருபத்து நாலு எடுத்திட்டார். நீங்கள் நாலு, அவர் ஆறு, நானா ஏழு. மேலிடத்தில இதைப் பாத்தால் என்ன சொல்லுவினம்? பௌத்தர் மட்டும்தான் உண்மையான ஆள், மற்ற மூண்டு பேரும் தாங்கிக்காக வந்து இருந்த ஆக்கள் எண்டுதான் சொல்லுவினம்."

மங்கையற்கரசியின் கை திருநீற்று நெற்றியைத் தொட்டது. யோசேப்பர் சேட்டுக்குள் கிடந்த செபமாலையை வெளியே இழுத்துப் போட்டார், காட்டுகிறவர் மாதிரி. மீராசாஹிபு தொப்பியைச் சரிபண்ணினார்.

"நான் இவையளை வெட்டிப்போட்டு ஊரில வேற மூண்டு பேரை எடுக்கத்தான் வேணும்" என்றான் பிரணவன், மெல்ல.

மாரிமுத்து வெளியே பார்த்தான். வேப்பமரத்தடியில் காளியம்மா மூன்றாவது தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். குடம் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. இப்போது வாயைத் திறந்தால் தாங்கி போகும், பிள்ளையோடு பையும் போகும். திறக்காவிட்டால் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நேர்ந்து விளக்கு வைத்தவளும், மெழுகுதிரி கொளுத்தியவரும், ஓதி ஊதியவரும் கள்ளர் என்று தாளில் எழுதப்படுவார்கள்.

"சேர், கள்ளன் நான்தான்" என்றான்.

"என்ன?"

"இவையள் மூண்டு பேரும் பிறந்த நாளில இருந்து அந்தந்தச் சமயம். அதாலதான் தெரியாது. நான் போன கிழமை படிச்சனான். அதாலதான் தெரியும். நான் மாரியம்மனைக் கும்பிடுற ஆள், சேர். என்னை வெட்டுங்கோ. இவையளை வெட்டாதேங்கோ."

பிரணவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இந்த ஊரில பௌத்தர் ஒருத்தரும் இல்லையா?"

"இல்லை, சேர்."

"ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட இல்லை, சேர்" என்றாள் மங்கையற்கரசி, தலையைக் குனிந்து.

பிரணவன் பெருமூச்சு விட்டான். பாரத்தில் எதையோ நீளமாக வெட்டினான், நாலு இடத்தில் ஒரே எண்ணை எழுதினான். கோப்பினை மூடாமலே வாசலைப் பார்த்துக் கூப்பிட்டான். "சுனில்!"

வெளிக்கிடப் போகிறார்கள். மாரிமுத்து நாலாவது கதிரையை விட்டு ஒதுங்கி நின்றான்.

சுனில் கோப்பையைக் காளியம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தான். பாதத்து மண்ணைத் தட்டினான், வெள்ளைச் சேட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டினான், நேரே போய் நாலாவது கதிரையில் உட்கார்ந்தான். பிறகு மாரிமுத்துவைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டான்:

"ஏழு ஊருக்கும் நான்தானே பௌத்த மெம்பர், எனக்கும் ஆண்டு தெரியாது, சேர் பத்து மார்க் போடுறது, உங்கட ஊரில மட்டும்தான் அண்ணே, உள்ளுக்கு விடாம மூணு தேத்தண்ணி தந்தது!"