மாமனாரின் மீசை

மாமனாரின் மீசை மறுபடியும் காணாமல் போயிற்று.

அவள் லேப்டாப்பை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கம் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். 'தெளிவாக்கு' என்ற பட்டனை அமுக்கியதும் மங்கிக் கிடந்த படம் துலங்கியது. இமை தெரிந்தது, தொப்பியின் விளிம்பு தெரிந்தது, கோட்டுக் காலரின் மடிப்புகூடத் தெரிந்தது. மூக்குக்குக் கீழே மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மீசையைக் கறை என்று சாஃப்ட்வேர் முடிவு கட்டிவிட்டது.

"ஆபீஸ் வேலையாம்மா?"

"ஆமா அத்தை. கொஞ்சம் அவசரம்."

மாமனார் இறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கூடத்தில் மாட்டியிருப்பது அவர் ரிட்டயரான அன்று எடுத்த படம். அதில் தும்மப் போகிறவர்போல் இருப்பார். "கல்யாணமான புதுசுல எப்படி இருப்பார் தெரியுமா? ஒரு படம்கூட இல்ல" என்று மாமியார் ஒருநாள் சொன்னார். அது மகனின் மனதில் தைத்துவிட்டது. அப்பாவின் பழைய பர்ஸைக் குடைந்தவனுக்கு, உள்மடிப்பிலிருந்து தபால்தலை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. தொப்பி, கோட்டு, முறுக்கு மீசை.

"பாரேன், அப்படியே என்னை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கார் அப்பா!" என்று அவன் பூரித்துப்போனான். "பெருசு பண்ணி ஃப்ரேம் போட்டு அம்மாவுக்குக் குடுக்கலாம். அதுவரைக்கும் மூச்சு விடாதே. உனக்குத்தான் இந்த வேலையெல்லாம் தெரியுமே."

தெரியும் என்று அவளும் தலையாட்டினாள். அந்த வீட்டில் அவளை யாரும் திட்டியதில்லை. எதை உடைத்தாலும், எதைத் தீய்த்தாலும் மாமியார் "பரவால்லம்மா" என்பார். ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதுபோல் இருக்கும் அது. ஒரே ஒரு முறை அவர் வாயிலிருந்து "நல்லாருக்கு" என்று கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

ஆசைதான் கையைச் சுட்டது. முதலில் எடுத்த ஸ்கேன் மங்கலாக இருந்ததால், படத்தின் மேல் படிந்திருந்த பூஞ்சையை ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றினாள். பூஞ்சை அப்படியே இருந்தது. முகம் பஞ்சோடு வந்துவிட்டது. தொப்பியும் கோட்டும் மட்டும் மிஞ்சிய அந்தப் படத்தைப் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். கணவனிடம் மூச்சு விடவில்லை. இப்போது மாமனாரின் இளமை முழுவதும் அந்த மங்கல் ஸ்கேனில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பால்கனிக்குப் போய் ஆபீஸ் தோழிக்கு போன் போட்டாள்.

"மீசையை விட்டுட்டு மத்த இடத்தை மட்டும் செலக்ட் பண்ணுடி."

"பண்ணிட்டேன். சோப்பு விளம்பரத்துல வர்ற குழந்தை மூஞ்சியில கம்பளிப்பூச்சி உக்காந்த மாதிரி இருக்கு."

"அப்போ கலர் குடுத்துப் பாரு. நிறம் வந்தா மீசை எடுப்பா தெரியும்."

உள்ளே வந்து கலர் கொடுத்தாள். தோளுக்குப் பின்னாலிருந்து கணவனின் குரல் கேட்டது.

"அப்பாவுக்கு எதுக்குடி லிப்ஸ்டிக்?"

"நான் போடலைங்க, அதுவா போட்டுது."

"மீசை எங்க?"

"வரும் வரும்."

"ஞாயித்துக்கிழமை சித்தி வராங்க. அவங்க முன்னாடி குடுக்கணும்னு இருக்கேன். மானத்தை வாங்கிடாதே!"

அவன் நகர்ந்ததும் தங்கள் கல்யாண ஆல்பத்தைத் திறந்தாள். கணவனின் மீசையைக் கத்தரித்து மாமனாருக்கு ஒட்டினாள். மாறுவேடப் போட்டிக்கு வந்தவர்போல் ஆகிவிட்டார் மாமனார். மீசையைத் தாங்குவதற்குத் தாடை வேண்டுமே என்று தும்மல் படத்திலிருந்து தாடையைக் கொண்டுவந்தாள். தாடையோடு கழுத்துச் சுருக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தது. சுருக்கத்துக்குப் பொருந்தட்டும் என்று கன்னத்தைச் சொரசொரப்பாக்கினாள். புருவத்தைத் தடிமனாக்கினாள். கடைசியில் யாரையோ கைது செய்ய வந்த இன்ஸ்பெக்டர் திரையிலிருந்து அவளை முறைத்தார்.

அந்த முறைப்பின் எதிரில் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த மனிதரின் முகத்தை அவள் நேராகப் பார்த்ததேயில்லை. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல், காலி டம்ளரை நீட்டும் ஒரு கை, அவ்வளவுதான். அவர் எப்படிச் சிரிப்பார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிரித்திருந்தால்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது எடுபடவில்லை. தெரியாத ஒருவருக்கு முகம் தைத்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் அவரோடு ஒரு ஆயுளே வாழ்ந்தவர் பார்ப்பதற்கு என்று நினைத்தவள் அழிக்கும் பட்டன் வரை போய்த் திரும்பினாள்.

கணவனோ படத்தைப் பார்த்துக் கண் கலங்கினான். "கம்பீரம்!" என்றான். பிறகு அவனே ஃப்ரேம் கடைக்கும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் தங்கை வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, கதவு அகலத்துக்கு இருந்த ஃப்ரேமை அவன் கூடத்துக்குத் தூக்கி வந்தான்.

"அம்மா, இது அப்பா பர்ஸுல இருந்த படம். அவரோட சின்ன வயசு! உன் மருமகதான் சரி பண்ணினா. பிரி."

மாமியார் காகிதத்தைப் பிரித்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கத் தொடங்கியது.

"அம்மா, அழாதேம்மா" என்று அவன் தழுதழுத்தான்.

தோள் இன்னும் வேகமாகக் குலுங்கியது. அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. படபடவென்று கொட்டிவிட்டாள்.

"அத்தை, மன்னிச்சிடுங்க. அசல் படத்தை நான்தான் தண்ணி வெச்சுத் துடைச்சு பாழாக்கிட்டேன். இதுல தாடை அதோ சுவத்துல இருக்கிற படத்தோடது. மீசை உங்க பிள்ளையோடது. மாமாவோட மீசையை மெஷின் கறைன்னு கறைன்னு அழிச்சுட்டே இருந்துது, நான் என்ன பண்ணுவேன்?"

"என்னது, என் மீசையா?" என்றான் கணவன்.

மாமியார் "பரவால்லம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிய, கையை மட்டும் ஆட்டினார்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல? இங்க திருப்பு" என்று தங்கை எழுந்து வந்தார். தொப்பியையும் கோட்டையும் உற்றுப் பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி அத்தான்! அக்கா, காலேஜ் நாடகத்துல மையால மீசை வரைஞ்சுக்கிட்டு நீ மாப்பிள்ளை வேஷம் கட்டினியே, அந்தப் படத்தையா இத்தனை வருஷமா பர்ஸுக்குள்ள வெச்சிருந்தாரு அந்த மனுஷன்?"