வல்லத்து யுரேனியச் சித்தர்

வல்லத்தில் கூடிய கூட்டத்தைப் பார்த்திருந்தால் கட்சிக்காரர்கள் பொறாமையில் வெந்திருப்பார்கள். திருவெண்ணெய்நல்லூர் பஸ், திண்டிவனம் பஸ், ஷேர் ஆட்டோ, டிராக்டர். எல்லாம் ஒரு மஞ்சள் கல்லைப் பார்க்க! இருட்டில் பச்சையாக ஒளிருமாம். அதை ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை, மூட்டுவலி, கோர்ட்டு கேஸ் எல்லாம் தீருமாம். கோர்ட்டு கேஸ் எந்த வயிற்றில் ஜீரணமாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கல்லுக்குச் சொந்தக்காரர் கல்லொளிச் சித்தர். காவி வேட்டி, கையில் புதுப் போன். சிவன் கனவில் வந்து கொடுத்தார் என்று சொல்கிற பழைய ஆள் இல்லை. "இது சோடியம் யுரேனியம் சல்பேட்டுங்க! ஒலகத்துலயே அபூர்வமான கனிமம். அமெரிக்காக்காரன் தேடிக்கினு இருக்கான், நம்ம மலையில கெடைச்சிருக்கு!" என்பார். வார்த்தை புரியவில்லை என்றால் நம்மாளுக்கு உடனே பக்தி வந்துவிடும்.

நிபந்தனை இரண்டு. சுத்தம் முக்கியமாம், சலவைத்தூள் போட்டுத் துவைத்த வெள்ளை உடுத்தி வரவேண்டும். இங்கிலீஷ் மாத்திரையைத் தொடக்கூடாது.

பிரம்மதேசம் கிராமத்துக் கொத்தனார் தேவசகாயம் மாட்டியது இரண்டாவதில். டி.பி.க்கு நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டவர். பாக்கி இரண்டே மாதம். அதை நிறுத்திவிட்டுக் கல்லுத் தண்ணீருக்கு மாறினார். மூன்றாம் வாரம் இருமலில் ரத்தம் வந்தது. "அழுக்கு வெளியேறுது" என்றார் சித்தர். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்!

தங்கை ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுத் திண்டிவனம் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு அவளும் கிளம்பினாள்.

கறுப்புத் தார்ப்பாய் மூடிய கொட்டகை. அட்டைப்பெட்டி ஓட்டை வழியே வந்த ஊதா வெளிச்சத்தில், கண்ணாடி ஜாடித் தண்ணீருக்குள் கல் பச்சையாக எரிந்தது. "சாமீ!" என்று கூட்டம் கதறியது.

"எவ்ளோ நாளா ஊறுதுங்க இந்தக் கல்லு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ரெண்டு மாசமா, தாயி."

"நீங்க சொல்ற கனிமம் தண்ணியில கரையுமேங்க. பழைய யுரேனியச் சுரங்கத்துச் செவுத்துல மஞ்சளாப் பூக்கிற உப்பு அது. இது மட்டும் எப்படிங்க கரையாம குந்திக்கினு இருக்கு?"

"இது தெய்வீக யுரேனியம்!"

"யுரேனியம் வயித்துக்குள்ள போனா கிட்னி காலிங்க. ஒண்ணும் ஆவாதுன்னா நீங்க ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க."

"இன்னிக்கு எனக்கு விரதம்."

கூட்டம் முறைத்தது அவளைத்தான். "சாமிகிட்ட இன்னாம்மா பேஜாரு பண்ணிக்கினு?" என்று அதட்டினாள் முன்வரிசையில் இருந்த குப்பம்மாள். தேவசகாயம் இருமிக்கொண்டே தங்கையின் கையைப் பிடித்தார். "வேணாம் ஜெசி, சாபம் வுட்டுருவாரு."

ஜெசிந்தா கையை உதறிவிட்டுப் போய் அட்டைப்பெட்டியைத் தூக்கினாள். உள்ளே கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கு. அவள் கடைக் கல்லாவில் தினமும் எரிகிற அதே சாமான். அதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

கொட்டகையே ஜோதியாயிற்று! வேட்டி, சட்டை, கைக்குட்டை எல்லாம் நீலமாக மின்னின. சலவைத்தூளில் வெள்ளை பளிச்சிடப் போடுகிற மருந்து செய்கிற வேலை அது. இருநூறு பேர் ஒளிர்ந்தார்கள். ஒளிராமல் நின்றவர் ஒரே ஒருவர்: காவி கட்டிய சித்தர்.

ஜெசிந்தா கல்லை எடுத்துத் தரையில் தேய்த்தாள். ஊதா வெளிச்சம் பட்டால் ஒளிர்கிற மஞ்சள் பெயிண்ட் உரிந்தது. உள்ளே சாதாரண ரோட்டு ஜல்லி.

சித்தர் தார்ப்பாய்க்கு அடியில் நுழையப் பார்த்தார். குப்பம்மாள் எட்டிக் காவியைப் பிடித்துக்கொண்டாள்.

தேவசகாயம் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "நானும்தான் மின்னுறேன். அப்ப, இந்தச் சட்டைய ஊறவெச்சுக் குடிச்சிருந்தாலும் இதானா, ஜெசி?"

"அந்த அழுக்காவது நம்முளுதுண்ணா. ஜல்தி நட, ஆஸ்பத்திரிக்கு."

சளியைச் சோதித்துவிட்டு, மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார் டாக்டர். விழுங்கிய நாலு மாதமும் வீண். தேவசகாயம் அங்கேயே அழுதார்.

ஐயா, அம்மா! அந்த ஜல்லி இரண்டு மாதம் ஒரு கேள்வியும் கேட்காமல் கிடந்தது. அது கல். நமக்கு என்ன வந்தது?