பாலாற்று மணலில் பன்னிரண்டு போர் விமானங்கள்

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் ஒரு தனியார் போர் விமானப் படைக்கு எந்தெந்த விமானங்களை வாங்க வேண்டும் என்று நான்கு பக்கத்தில் தீர்மானித்துக் கொடுத்தவன் நான்தான். அதுவும் ஆம்பூரில், ஒரு தோல் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில், கால் ஆடுகிற மேஜையில் உட்கார்ந்து. (மேஜையின் கால்தான் ஆடியது. என் கால் ஆடியது பிற்பாடு.)

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலூரில் இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் எனக்காக ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுப்பார். பாதிரியாரான ஐயர் அதை மைக்கில் வாசிப்பார். "வேலையில்லாமல் இருக்கும் அன்பு சகோதரன் ஜெயசீலனுக்காக ஜெபிப்போம்." சபை முழுக்கத் தலை குனியும், நான் எல்லோரையும்விடக் கீழே குனிவேன். ஆம்பூர் வேலை கிடைத்தபோது ஆறு மாதம் புரபேஷன், அதற்குப் பிறகு நிரந்தரம் என்றார்கள். அந்த ஆறு மாதத்தைத் தாண்டிவிட வேண்டும், அந்த மைக்கில் மறுபடி என் பெயர் வரக்கூடாது. எனக்கு அப்போது வேறு எந்த லட்சியமும் கிடையாது.

என் மேலதிகாரி நசீர் பாய். அவருக்குத் தோலைப் பற்றி எல்லாம் தெரியும், ஆங்கிலம் வராது. எனக்கு ஆங்கிலம் வரும், தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள் இருவரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறும் என்ற கணக்கில்தான் முதலாளி என்னைச் சேர்த்திருந்தார். பாய் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், கம்ப்யூட்டரில் ஸ்டெல்லா டைப் அடிப்பார், பாய் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஐந்து மாதம் வரைக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

என் பலவீனம் இரண்டு. ஒன்று, போர் விமானங்கள். பள்ளியில் படிக்கும்போதே பேப்பரில் வரும் விமானப் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டுவேன். இரண்டாவது, எங்கள் ஆபீஸ் ஜன்னல். அதன் வழியாகப் பாலாறு தெரியும். ஆறு என்று பெயர்தான். நான் பார்த்ததெல்லாம் மணல், அகலமாக, வெள்ளையாக, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். அதைப் பார்த்து உட்கார்ந்தால் பாதி எழுதிய வாக்கியம் பாதியிலேயே நிற்கும்.

இந்த நிலையில்தான் அந்த ஃபேக்ஸ் வந்தது. அனுப்பியவர் வெளிநாட்டில் ஓய்வு பெற்ற விமானி. கேப்டன் என்றே அவரைச் சொல்கிறேன். நாலைந்து பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு விமானப் படை தொடங்குகிறார்களாம். பழைய போர் விமானங்களை வாங்கி, நாடுகளின் விமானப் படைகள் பயிற்சி எடுக்கும்போது வாடகைக்கு எதிரியாகப் பறப்பார்களாம். (வாடகை எதிரி! படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.) ஃபேக்ஸ் இரண்டு பக்கம். விமானிகளுக்கு ஜாக்கெட், விமான இருக்கைகளுக்கு உறை, அதற்கு ஆட்டுத்தோல் வேண்டும் என்ற விவரமெல்லாம் முதல் பக்கத்தில். அந்தப் பக்கத்தைப் பாய் சாம்பிள் எடுப்பதற்காகக் கையோடு கொண்டுபோய்விட்டார். என் மேஜைக்கு வந்தது இரண்டாம் பக்கம் மட்டும். அதில் தோல் என்ற வார்த்தையே இல்லை. 'நாங்கள் பன்னிரண்டு ஃபைட்டர்களோடு தொடங்குகிறோம். அவற்றுக்கு எந்த செலக்‌ஷன் பொருத்தமாக இருக்கும் என்று உங்கள் அனுபவத்தில் காரணத்தோடு எழுதவும்' என்று இருந்தது.

தோல் ஊரில் செலக்‌ஷன் என்றால் தோலின் தரம். நல்ல தோல் ஃபர்ஸ்ட் செலக்‌ஷன், அடுத்தது செகண்ட், குறை ஜாஸ்தி இருந்தால் தேர்டு. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். எம்.ஏ. படித்த எனக்குத் தெரியாது. நான் புரிந்துகொண்டது இதுதான்: பன்னிரண்டு போர் விமானங்களைத் தேர்வு செய்து தரும்படி கேட்கிறார்கள். என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று பத்து வருடமாகக் காத்திருந்தவன் நான்.

இருந்தாலும் கடமை தவறாமல் பாயிடம் போனேன். அவர் ஒரு தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், கேப்டன் செலக்‌ஷன் கேட்டிருக்கார். இன்னான்னு எழுதறது?"

"ஃபர்ஸ்டும் செகண்டும் கலந்து போடு தம்பி. தேர்டு மட்டும் வேணாம். பேரு கெட்டுடும்."

நான் அசந்துபோனேன். போர் விமானங்களையும் முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்றுதான் பிரிப்பார்கள். தாடியைத் தடவிக்கொண்டு தோல் நடுவே நிற்கும் இந்த மனிதருக்கு இவ்வளவு விஷயம் தெரியுமா!

"வேற இன்னா பாக்கணும் பாய்?"

"முதுகு டைட்டா இருக்கணும். வயிறு லூஸா இருந்தா தள்ளிடு. கழுத்துல சுருக்கம் கம்மியா இருக்கணும்."

"ஓட்டை இருந்தா?" போரில் குண்டு துளைத்த விமானங்களை மனதில் வைத்துக் கேட்டேன்.

"சின்னதா ஒண்ணு ரெண்டு இருந்தா பேஜார் இல்ல. ஓரத்துல இருக்கணும். நடுவுல இருந்தா வேலைக்கு ஆவாது."

"ரஷ்யா எப்டி பாய்?"

"ரஷ்யாவா? நல்ல பார்ட்டி. கண்ணை மூடிக்கினு நம்பலாம்."

அடுத்த மூன்று நாட்கள் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் என்று சொன்னால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் உண்மை. மத்தியான வெயிலில் பாலாற்று மணலில் பன்னிரண்டு விமானங்களும் வரிசையாக வந்து நின்றன. மூக்கால் காற்றை இழுக்கும் ரஷ்ய விமானங்கள் ஆறு. முக்கோண இறக்கை வைத்த பிரெஞ்சு விமானங்கள் நான்கு. பயிற்சிக்கு இரட்டை இருக்கை விமானங்கள் இரண்டு. மேய வந்த ஆடுகள் இறக்கை நிழலில் படுத்து அசை போட்டன. விறகு சுமந்து ஆற்றைக் கடக்கும் பெண்கள் வால்களுக்கு நடுவே குனிந்து போனார்கள். நான் ஒவ்வொரு விமானமாகத் தட்டிப் பார்த்தபடி நடந்தேன். ஆம்பூரில் கிளம்பினால் விரிஞ்சிபுரம் கோபுரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, வைத்துவிட்டுப் போன டீ ஆறுவதற்குள் திரும்பிவிடலாம்.

இதையெல்லாம் ஸ்டெல்லாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவர் டைப் அடித்தார். அதிகம் பேசாத பெண். இரண்டாம் நாள் மட்டும் ஒன்று கேட்டார்: "சார், றெக்க முக்கோணமா இருந்தா இன்னா நல்லது?" இரண்டு கையையும் விரித்து அரைமணி நேரம் விளக்கினேன். ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் எது எங்கே நிற்கிறது என்று விரலை நீட்டிக் காட்டினேன். அவரும் பொறுமையாகப் பார்த்தார்.

பாய் சொன்னதையும் விடவில்லை. ஒரு அமெரிக்க விமானத்தை 'அடிவயிற்றில் இறுக்கம் போதாது' என்று தள்ளினேன். 'ஓரத்தில் சிறு துளைகள் இருப்பின் ஏற்கலாம்' என்று சலுகையும் கொடுத்தேன். கழுத்துச் சுருக்கத்தில்தான் கொஞ்சம் திண்டாட்டம். விமானத்துக்குக் கழுத்து எது? விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

பாய் காகிதங்களைக் கையில் எடை பார்த்தார். "செலக்‌ஷனுக்கா நாலு பக்கம்? சரி, ஜாஸ்தியா எழுதுனா நம்பிக்கை வரும்" என்று கையெழுத்துப் போட்டார்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மூன்றே வாரத்தில் கேப்டனே வந்துவிட்டார்.

முதலாளி தடபுடல் செய்தார். பிரியாணிக்கு தம் போட்டாயிற்று. நீள மேஜையில் கறுப்பும் பழுப்புமாகத் தோல்களை விரித்து வைத்தார்கள். கேப்டன் சட்டைப் பையிலிருந்து நான்கு பக்கத்தையும் எடுத்து, இதில் கையெழுத்துப் போட்டவரைப் பார்க்க வேண்டும் என்றார். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். கேப்டன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். மொழிபெயர்க்க நடுவில் நான்.

"எத்தனை வருஷ சர்வீஸ்னு கேக்கறார் பாய்."

"முப்பத்தோரு வருஷம்னு சொல்லு."

கேப்டன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பாயும் குழம்பிப்போய் சலாம் வைத்தார். பிறகு கேப்டன், மூன்றாம் தலைமுறை ஏன் வேண்டாம் என்று கேட்டார். நான், "தேர்டு ஏன் வேணாம்னு கேக்கறார்" என்றேன்.

பாய் மேஜையிலிருந்து வரிசையாக மூன்று தோல்களைத் தூக்கிப் போட்டார். "இது ஃபர்ஸ்ட். இது செகண்ட். இது தேர்டு, கழுத்து பாரு எவ்ளோ சுருக்கம், வயிறு பாரு எவ்ளோ லூஸு. தடவிப் பாக்கச் சொல்லு."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேப்டன் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, கடிதத்தைத் தானே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். முதலாளிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அதை வாங்கி, நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்து முடித்தார். எனக்கு மட்டும் மைக்கில் ஐயர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"செலக்‌ஷன்னா இன்னான்னு நெனச்சே?" என்றார் முதலாளி.

"பொறுக்கி எடுக்கறது சார்."

"இன்னாத்த?"

"ஏரோப்ளேன் சார்."

மேஜையைச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. தோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "என் கையெழுத்துல ஏரோப்ளேன் வாங்கச் சொல்லி எழுதினியா தம்பி?" என்றார் மெதுவாக. வேலை போவதைவிட அதுதான் எனக்குச் சுருக்கென்றது. படிக்காமல் கையெழுத்துப் போடும் அளவுக்கு அந்த மனிதர் என்னை நம்பியிருந்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதும்விட்டேன்.

காப்பாற்றியவர் கேப்டன்தான். விஷயத்தை முதலாளி விளக்கியதும், கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். எந்த விமானம் வாங்குவது என்று அவரும் கூட்டாளிகளும் மாதக்கணக்கில் சண்டை போட்டார்களாம். இந்தக் கடிதம் போன பிறகு எல்லோரும் சேர்ந்து, அந்த அடிவயிற்று ரகசியம் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்களாம். தோலைத் தடவிப் பார்த்து, ஃபர்ஸ்டும் செகண்டும் கலந்தே ஆர்டர் கொடுத்தார். ஓட்டை மட்டும் ஓரத்தில்கூட வேண்டாம் என்றார்.

முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. "புரபேஷன் இன்னும் ஆறு மாசம். அதைத் தோல் தரம் பிரிக்கிற மேஜையில நின்னு முடி. அப்புறம் இங்கிலீஷ் எழுதலாம்" என்றார். அம்மாவிடம் புதிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன். அவர் உடனே நன்றி ஜெபத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்து, அந்த ஞாயிறும் மைக்கில் என் பெயர் வந்துவிட்டது. ஆறு மாதமும் நின்றேன். பாய் பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். மேஜையில் விரித்த ஆட்டுத்தோல், நான்கு காலும் நீட்டிக்கொண்டு, மேலிருந்து பார்த்தால் இறக்கை விரித்த விமானம் மாதிரியே இருக்கும். இதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை, ஸ்டெல்லாவிடம் மட்டும் சொன்னேன். இரண்டு வருடம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

போன வருடம் மகள் கேட்டாள்: "ஏம்மா, டைப் அடிச்சது நீதானே? உனக்குமா அது தோல் சமாச்சாரம்னு தெரியல?"

ஸ்டெல்லா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா மேல்விஷாரத்துல தோல் பிரிக்கிற வேலையிலதானே இருந்தாரு. மொத வரியிலயே தெரிஞ்சிடுச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ ஏன் சொல்லல? என் வேலை போயிருந்தா?"

"சொல்லத்தான் நெனச்சேன். அந்த ஆபீஸ்ல ரெண்டு வருஷமா 'ரெண்டு காப்பி எடும்மா'ன்றதத் தவிர யாரும் எங்கிட்ட பேசினதில்ல. நீங்க மூணு நாளு பேசினீங்க. தப்புன்னு சொல்லியிருந்தா மொத நாளே பேச்சு நின்னு போயிருக்கும்."

இப்போது வீட்டுக்கு எந்தச் சொந்தக்காரர் வந்தாலும், மூன்று நாள் பேச்சுக்காக அப்பாவின் வேலைக்கே வேட்டு வைத்த அம்மா என்று மகள் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறாள். அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும், ஸ்டெல்லா எழுந்து சமையலறைக்குள் போய்விடுகிறாள்.