மாமனார் பெயரையும் அச்சடிக்கும் ஃபங்ஷன்

பாகூர்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை நவீன்குமார் அவர்களுக்கு, மாமனார் சிவப்பிரகாசம் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை கனகாம்பாள் சுகம், மாடு கன்று சுகம். அங்கே நீங்களும் என் மகள் பிரியதர்ஷினியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தலைவராக இருக்கும் பால் சங்கத்தில், தேர்தல் நெருங்கும் நேரத்தில் உறுப்பினர் பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போனது உங்களுக்குத் தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு பேர், மாப்பிள்ளை! அந்தக் கம்ப்யூட்டரில் எந்நேரமும் உட்கார்ந்திருப்பவள் கிளார்க் ரோஸ்லின். அவள்தான் அழித்திருப்பாள் என்று வேலையை விட்டு நிறுத்தி வைத்தேன். "நான் தொடலைங்க தலைவரே. யாரு உள்ள வந்தாங்க, எதைத் தொட்டாங்கன்னு கம்ப்யூட்டரே எழுதிக்கினு இருக்கும், அதுக்கு ஆடிட் ரெக்கார்டுன்னு பேரு, அதை எடுத்துப் பாருங்க" என்று அழுதாள். எடுத்துப் பார்த்தால், மனுஷன் படிக்கிற மாதிரி ஒரு எழுத்து இல்லை.

உடனே உங்களுக்கு போன் போட்டேன். "கம்ப்யூட்டருக்கு ரெண்டு ஃபங்ஷன், குட்டி குட்டி புரோகிராம், எழுதித் தரேன் மாமா. ஒண்ணு ரெக்கார்டைப் படிக்கும், இன்னொண்ணு புரியற மாதிரி பிரிண்ட் பண்ணும்" என்றீர்கள். பக்கத்தில் இருந்த உங்கள் அத்தை, "இன்னா ஃபங்ஷனு? யாருக்குக் காது குத்தறாங்க? நமக்குப் பத்திரிகையே வரலியே" என்று ரெண்டு நாள் உம்மென்று இருந்தாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் சங்கத்து ஆளுங்களையெல்லாம் கூட்டி, ரோஸ்லினையும் வரவழைச்சு, "மிஷின் பொய் சொல்லாது, இப்பத் தெரிஞ்சிடும்"னு மைக்ல பேசிட்டு, உங்க ஃபங்ஷன் அச்சடிச்சுத் தந்த பேப்பரை அவளையே படிக்கச் சொன்னேன். படிச்சா: "பயனர், சிவப்பிரகாசம். நேரம், செவ்வாய் காலை பதினொன்று நாற்பத்திரண்டு. செயல், அழித்தல். கோப்பு, உறுப்பினர் பட்டியல். முடிவு, வெற்றி." வெற்றின்னதும் புகழ்வேந்தன் கை தட்டுறான் மாப்பிள்ளை! பத்து வருஷமா எனக்கு எதிரா தேர்தல்ல நிக்கற ஆளு!

நான் இன்னா தப்பு பண்ணேன்? கம்ப்யூட்டர் திரையில உங்க பொண்ணு போட்டோ வச்சிருக்கேன். கொழந்தை மூக்கு மேல ஏதோ ஒரு சின்னப் படம் ஒட்டிக்கினு இருந்துச்சு, அழிச்சேன். "நிச்சயமா?"ன்னு கேட்டுச்சு. தாத்தாவைப் பாத்துக் கேக்கற கேள்வியா அது? ஆமான்னேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணேன், சுத்தம் வேணும்ல? அந்தச் சின்னப் படந்தான் உறுப்பினர் பட்டியலாம்!

படிக்கிற ஃபங்ஷன் படிச்சிட்டுப் போவட்டும். பிரிண்ட் பண்ற ஃபங்ஷனுக்கு மரியாதை வேணாமா? மாமனார் பேர் வந்தா தாண்டிப் போன்னு ஒரு வரி எழுத உங்க கை வலிச்சுதா? பொண்ணு குடுத்தவன் மாப்பிள்ளை நானு! கேட்டா, "ஒண்ணை மறைச்சாலும் அது ஆடிட் இல்ல மாமா"ன்றீங்க.

அத்தனை பேர் முன்னாடி எழுந்து, "தப்பு என்னுதும்மா, நாளைக்கே வேலைக்கு வா"ன்னேன். ரோஸ்லின் அந்தப் பேப்பரை நாலா மடிச்சு, "இது எங்கிட்டயே இருக்கட்டும் தலைவரே"ன்னு பையில வச்சிக்கினா. பன்னெண்டு நாளா குனிஞ்சே நடந்த பொண்ணு அன்னிக்குத்தான் நிமிந்து போச்சு. அது வேற விஷயம். பழைய விண்ணப்பமெல்லாம் தேடி எடுத்து, அந்தப் பொண்ணுதான் இப்ப பட்டியலைத் திரும்ப ஏத்துது.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஃபங்ஷனைத் திருத்தி என் பெயரை நீக்கிவிட வேண்டும். தவறினால் தீபாவளிக்கு வரும்போது உங்களுக்குச் சாப்பாடு போடப்படும், பேச்சு கிடையாது.

வில்லியனூர் கோகிலாம்பாள் உங்கள் மூவரையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும் என்று, கோபம் ஆறாமலே வாழ்த்தும்

மாமனார்,
சிவப்பிரகாசம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மதகடிப்பட்டுப் பக்கத்துச் சங்கத் தலைவர் முத்துக்குமரன் வந்தார். அங்கேயும் ஏதோ கோப்பு காணோமாம், கிளார்க்தான் அழிச்சிட்டான்னு சத்தியம் பண்றாரு. "அதைக் கண்டுபிடிக்கற ஃபங்ஷனை எழுதினதே என் மாப்பிள்ளைதான்"னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை கெளம்பி வாங்க. ஒரு புள்ளியைக்கூட மாத்தாதீங்க. மைக்குக்கு நான் சொல்லி வச்சிட்டேன்.